துப்பாத பெட்டைகள்

பிக்டன்
5.9.2023

அன்புள்ள யாமினி,

முகில் பத்திரமாக வந்து இறங்கினான் என்று செய்தி அனுப்பியிருந்தாய். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஒட்டக ஜாதியான இந்த அல்பாகாக்களை வளர்க்க ஆரம்பித்த இத்தனை வருடத்தில் என் பொலிகிடா இன்னொருவர் பட்டியில் தூங்குவது இதுதான் முதல் தடவை. கேட்டது நீ என்பதால்தான் சம்மதித்தேன். வண்டியில் ஏறியவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தெரியுமா?

என் மந்தையின் மென்மையான ரோமம் முழுக்க அவன் கொடுத்தது. வயது பதின்மூன்று. இதுவே கடைசிப் பருவமாக இருக்கலாம். உன் மூன்று பெட்டைகளோடும் சேர்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி அவனைக் காட்டு. சினையானவள் அவன் மேல் துப்பிவிட்டு ஓடுவாள்; ஆகாதவள் அவனுக்காக உட்கார்ந்துவிடுவாள். மூன்றும் துப்பியதும் உடனே அனுப்பிவிடு. இங்கே என் பெட்டைகள் ஆறு பேர் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அதிகம் செல்லம் கொடுக்காதே.

உன் மயூரா


பேக்கஸ் மார்ஷ்
8.10.2023

அன்பு மயூ,

உன் செல்லப்பிள்ளை சௌக்கியம். ட்ருகனினா கிடங்கில் வேலை முடிந்து நான் வந்தால் வேலியருகே வந்து நிற்கிறான். எப்போதும் முட்டிக்கொள்ளும் என் பெட்டைகள் இப்போது அவன் பின்னால் வரிசையாகப் போகின்றன. பக்கத்துப் பண்ணை தேவராஜா அங்கிள் பார்த்துவிட்டு, "இவன் ஹெட்மாஸ்டர் எல்லோ பிள்ளை! என்ர வீட்டுக்கும் ஒருக்கா அனுப்பு" என்கிறார்.

ஒருத்திதான் துப்பினாள். மற்ற இரண்டும் அவனைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுகின்றன. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே.

யாமினி


பிக்டன்
26.11.2023

யாமினி,

இன்னுமா துப்பவில்லை? நம் ஊர் மாதிரியா, இங்கே நவம்பரிலேயே கோடை வெயில் ஏறிவிட்டது; இந்த வெயிலில் சேர்க்க முடியாது, இந்தப் பருவம் எனக்குப் போனதுதான்.

நீ அனுப்பிய வீடியோவில் உன் தோளில் மூக்கை வைத்து முனகுகிறான். அப்படி என்னிடம் மட்டும்தான் முனகுவான் என்று நினைத்திருந்தேன். எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே. வீட்டில் வாசுதேவன் கேலி செய்கிறார்: "நான் யார் தோள்லயாவது சாஞ்சா இப்படிப் பார்ப்பியாடி?"

அடுத்த வாரமே அவனை அனுப்பு.

மயூரா


பிக்டன்
1.9.2024

யாமினி,

குட்டிகளின் படம் கிடைத்தது. மூன்றும் அழகு. மூன்றும் ஆகஸ்ட் பதினைந்திலிருந்து இருபதுக்குள் பிறந்ததாக எழுதியிருக்கிறாய்.

பெட்டை பதினொன்றரை மாதம் சுமக்கும். பின்னோக்கி எண்ணினேன். மூன்றுமே அவன் உன்னிடம் வந்த முதல் வாரத்தில் சினையானவை. துப்பாமல் உட்கார்ந்தவள் யார்?

டிசம்பரில் திரும்பி வந்தான். வெயில் தணிந்ததும் மார்ச்சில் சேர்க்கலாம் என்றிருந்தேன். பிப்ரவரியில் அவனைப் புதைத்தோம். நீ எழுதிய ஆறுதல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் ஆறு பேரும் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள்.

மயூரா


பேக்கஸ் மார்ஷ்
15.9.2024

மயூ,

மூன்று பேரும் துப்பினார்கள். முதல் தடவையிலேயே. முகமெல்லாம் பச்சை எச்சில் வழிய அவமானப்பட்டு நின்றான். என் துப்பட்டாவால் துடைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் காட்டினான். அந்த நிமிடம்தான் உன்னிடம் பொய் சொல்வது என்று முடிவு செய்தேன்.

கல்லூரியிலிருந்தே பார்க்கிறேன். நாயோ பூனையோ புது ரூம்மேட்டோ, எதுவும் உன்னிடம்தான் போய் ஒட்டிக்கொள்ளும். நான் பக்கத்தில் நிற்பேன். நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஒன்று என்னைத் தேடி வந்து நின்றது. விட மனம் வரவில்லை. அவன் செத்துப்போவான் என்று நினைக்கவில்லை.

ஒரு ஆண் குட்டிக்கு நெற்றியில் அவனுடைய அதே வெள்ளை. பால் மறந்ததும், பிப்ரவரிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வந்து கூட்டிப் போ. அவன் உன்னுடையவன்.

யாமினி


பிக்டன்
3.3.2025

யாமினி,

சனிக்கிழமை வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. டிரெய்லரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வேலிவரை நடந்தேன்.

முகில் என்று கூப்பிட்டேன். நெற்றியில் வெள்ளை உள்ளவன் மேய்ச்சலை விட்டுத் தலையைத் தூக்கினான். கழுத்தை என் முகில் சாய்ப்பது போலவே சாய்த்துப் பார்த்தான். இரண்டு அடி வைத்தான். கையை நீட்டினேன்.

அந்தப் பக்கம் உன் வாளிச் சத்தம் கேட்டது. ஓடிவிட்டான். நீ குனிந்தாய், அவன் உன் தோளில் மூக்கை வைத்தான். நீ என்னைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தோன்றியது. அதற்காகவாவது உன்னை மன்னித்திருக்கலாம். முடியவில்லை.

காலி டிரெய்லர் ஒன்பது மணி நேரமும் பின்னால் குலுங்கிக்கொண்டே வந்தது.

அவனை நீயே வைத்துக்கொள். அந்தப் பெயரை மட்டும் அவனுக்கு வைக்காதே.

மயூரா