சாக்கில் தைத்த நாற்காலி

நேற்றுப் பெய்த மழையில் மிளகாய் வத்தல் கிட்டங்கி வாசலில் அடுக்கியிருந்த காலிச் சாக்குகள் நனைந்துவிட்டன. காலையில் அந்தப் பக்கம் போனேன். சணலும் வத்தல் நெடியும் கலந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மதுரை விமான நிலையம்தான் ஞாபகம் வந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் கிறுக்கன் என்பார்கள். உனக்குக் காரணம் தெரியும்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். "பொறாமைன்னே எழுதிரவா, இல்ல வருத்தம்னு போடவாப்பா?" என்று கேட்கிறாள். பொறாமை என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வெடிக் கம்பெனியில் சுவர் விழுந்து உன் இரண்டு காலும் முட்டிக்குக் கீழே போன பிறகு, உன்னை வெளியே தூக்கிக்கொண்டு போனவன் நான். பகலெல்லாம் விருதுநகர் கிட்டங்கியில் வத்தல் மூட்டை தூக்குவேன். சாயங்காலம் திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நீ. டீக்கடை, சலூன், ஓட்டுச்சாவடி, பங்குனிப் பொங்கல் எல்லாவற்றுக்கும் என் முதுகில்தான் வந்தாய். வழியெல்லாம் காதுக்குப் பின்னாலிருந்து பேச்சு ஓயாது. "ஏலே, ஒதுங்கு, மொதலாளி காரு வருது. அவருக்கு ஒரு டிரைவரு, எனக்கு நீ. சரியாப் போச்சு."

அப்புறம் அந்த நாற்காலி வந்தது. பம்பாயில் கட்டிக்கொடுத்த உன் மகள் வாங்கி அனுப்பிய, மடக்குகிற சக்கர நாற்காலி. நான் வந்து குனிந்து நின்றால், "இரு, நானே போயிக்கிடுதேன்" என்று சக்கரத்தை உருட்ட ஆரம்பித்தாய். டீக்கடையில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தாய். அந்தச் சக்கரத்தில் காற்று இறங்கிய அன்றைக்கு எனக்குச் சோறு கூடுதலாக இறங்கியது. நீ அதையும் கண்டுபிடித்துவிட்டாய். "என்னலே, சேரைப் பாத்துப் பல்லைக் கடிக்க? அதுக்குப் பேசத் தெரியாதுலே, பயப்படாத."

மகள் வீட்டோடு இருக்கலாம் என்று பம்பாய்க்குக் கிளம்பினாய். ரயிலில் அவ்வளவு தூரம் உன் உடம்பு தாங்காது என்று மருமகன் விமானத்துக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியைக் கட்டுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டேன். கிட்டங்கியிலிருந்து ஒரு நல்ல சாக்கைக் கொண்டுவந்து, நாற்காலியை மடக்கி உள்ளே போட்டு, கோணி ஊசியால் நெருக்கித் தைத்தேன். வெளியூருக்கு எது போனாலும் எங்களுக்குச் சாக்குதானே. அதோடு எனக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது. நாற்காலி மூட்டைக்குள் கிடந்தால், விமானத்தில் ஏறும்வரை நீ என் முதுகில்தான் வந்தாக வேண்டும்.

அப்படித்தான் வந்தாய். நான் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு, வழுக்குகிற அந்தத் தரையில் உன்னைச் சுமந்து நடந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் மூட்டையை எடை போட்டாள். "எடை கூடுது சார். கூடுன கிலோவுக்கெல்லாம் காசு கட்டணும்."

மருமகன் பதறிப்போனார். "அது மூட்டை இல்லம்மா. மாமாவோட வீல் சேர்."

"வீல் சேருக்குக் காசே கெடையாதே சார்! அவர் அதுல உக்காந்து வந்திருந்தா விமானம் வரைக்கும் நாங்களே தள்ளிட்டுப் போவோம். இப்பிடிச் சாக்குல தைச்சுக் கொண்டாந்தா நான் சாமான்னுதான போடணும்? வத்தல் வாடை வேற அடிக்குது. பிரிச்சுக் காட்டுங்க."

என் முதுகில் நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். "தாயி, சேருக்குக் காசு இல்லேல்ல? அப்ப இவனையும் சும்மாவே ஏத்திக்கோங்க. இம்புட்டு நாளும் இவன்தான் எனக்குச் சேரு."

"அவருக்கு டிக்கெட் வேணும் தாத்தா."

"கேட்டியாலே? சேருக்கு உள்ள மரியாதை உனக்கு இல்ல."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "காசைக் கட்டிருங்க மாப்ள, நான் தாரேன். இவனை நானே தூக்கிட்டு வாரேன்" என்று மடியை அவிழ்த்தேன்.

அப்போதுதான் நீ வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாய். "அந்தக் கதவுக்கு அங்கிட்டு உன்னைய விட மாட்டாக. அங்கன போயி நான் தரையில கெடக்கவா? பிரிலே."

உன்னைப் பெஞ்சில் இறக்கிவிட்டுப் பிரித்தேன். நெருக்கிப் போட்ட முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். நாற்காலியை விரித்து, அதில் ஒட்டியிருந்த வத்தல் தூசியைத் துண்டால் தட்டி, உன்னைத் தூக்கி நானே அதில் வைத்தேன். சீருடை போட்ட ஒரு பெண் வந்து உருட்டிக்கொண்டு போனாள். நீ தலையைத் திருப்பி அவளிடம் என்னவோ சொன்னாய். அவள் சிரித்தாள். என் காதுக்குப் பின்னால் சொல்ல வேண்டியது அது. கண்ணாடிக் கதவு மூடிய பிறகும், என்ன சொல்லியிருப்பாய் என்றே யோசித்துக்கொண்டு நின்றேன்.

பம்பாயிலிருந்து ஒரு தடவை போனில் பேசினாய். "கடலைப் பாத்தேன்லே. மணல்ல சேரு உருளல. நீ இருந்திருந்தா தண்ணி வரைக்கும் போயிருப்பேன்." அதைத் திருத்தங்கலில் நான் சொல்லாத ஆள் இல்லை.

நீ போன சேதி எனக்கு வந்து சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் தூக்கினார்களாம். "லிஃப்ட்ல கொள்ளல மாமா. மாடியில இருந்து படி வழியாவே தூக்கிட்டு வந்தாங்க. நல்ல மனுஷங்க" என்றாள் உன் மகள்.

நல்ல மனுஷர்களாகவே இருக்கட்டும். நாற்காலி மேல் இருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. முகம் தெரியாத அந்த நாலு பேர் மேல் உள்ளது மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. உன்னைத் தூக்கினால் இடது முட்டியில் கை படக் கூடாது, வலிக்கும். படி இறங்கும்போது நீ பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். கீழே வந்து சேரும்வரை ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அத்தனை படியும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே இறங்கியிருப்பார்கள்.