நாற்காலிக்குப் பின்னால் இருந்த களிம்பு

என் வாயாடிக்கு,

டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. அதுதான் அதிர்ச்சியே.

ஆண்குறியின் முன்தோல் இறுக்கமாம், அதனால் பின்னால் நகரவில்லையாம். ஆண்மையே இல்லை என்று நான் உள்ளுக்குள் புழுங்கியதை, அவர் சளி இருமல் போலச் சொன்னார். "தினமும் களிம்பு தடவி மெதுவா தளர்த்துங்க, பலவந்தம் பண்ணாதீங்க. சில வாரத்துல பெரும்பாலும் சரியாயிடும். ஆகலைன்னா சின்ன ஆபரேஷன். மருந்துக்கடை வெச்சிருக்கீங்க, நீங்களே இப்படி மறைக்கலாமா?"

அவர் எழுதிய சீட்டைப் படித்தேன். அந்தக் களிம்பு நம் கடையில், என் நாற்காலிக்குப் பின்னாலேயே இருக்கிறது. தோல் அரிப்பு என்று சீட்டோடு வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கென்று எடுக்கக் கூசியது. இரண்டு தெரு தள்ளி வேறு கடையில் வாங்கினேன். அந்தக் கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, "என்னை உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிடிக்காமல் இல்லையடி. நெருங்கினாலே வலித்தது.

இப்படிக்கு,
நீ ஊமைக்கோட்டான் என்று திட்டும் உன் கணவன்