வண்டியில் என் இடம்

அத்தானுக்கு,

சென்னை டாக்டர் என் கால் எலும்பில் ஒரு துண்டை எடுத்து முதுகெலும்போடு ஒட்டி இன்றோடு இருநூற்றுப் பதினொரு நாள். நடப்பது நல்லது என்று அவரே சொன்னதால், நீங்கள் வண்டியோடு வருவதற்குள் குற்றாலத்துக்கு நடந்தே கிளம்பிவிட்டேன். துணைக்குப் பக்கத்து வீட்டு மாரித்தாய் வருகிறாள்.

புளியோதரை தூக்குச்சட்டியில் இருக்கிறது. பூட்டுச் சாவி அரிசிப் பானைக்குள். எண்ணெய்க் கிண்ணத்தை மறக்க வேண்டாம்.

"என்கூட வண்டியில உக்காந்து வந்தா கொறஞ்சா போயிருவ?" என்று நேற்றுக் கேட்டீர்கள். எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. பதில் சொல்லத்தான் கூச்சம்.

அத்தை நேற்று சிவகிரிச் சித்தியிடம், "எம் மருமவ பி.எஸ்ஸி. படிச்சவ. ஆனா நான் இருக்கையில ஒரு நா உக்காந்ததில்ல. அம்புட்டு மருவாதி!" என்றார்கள். சித்தி உடனே கூட வந்த தன் மருமகளைப் பார்த்து, "ஏட்டி, எந்திரி!" என்றார்கள். பாவம், அந்தப் பிள்ளைத்தாய்ச்சி சாயங்காலம் வரை என்னோடு நின்றாள். இன்று அவர்களும் குற்றாலத்துக்கு வருவதால், வண்டியில் என் இடத்தில் அவளை உட்கார வையுங்கள்.

வடிவு

பி.கு. அத்தையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் நிற்பது மரியாதைக்காக இல்லை. நின்றால் வலி இல்லை, நடந்தால் இல்லை, படுத்தாலும் இல்லை. உட்கார்ந்தால் வலிக்கிறது.