பங்கு பிரித்த வயல்

3 பிப்ரவரி 1980
நடவு தொடங்கி நான்கு நாளாகிறது, கால்வாசிகூட முடியவில்லை. கூட்டுறவுப் பண்ணை மணி அடித்த பிறகுதான் ஆட்கள் வருகிறார்கள். வந்தும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். அணித்தலைவி என்று பெயர், யாரைத் திட்டுவேன்? இன்றும் எல்லார் வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குதான். எங்கள் அணியின் மூத்தவள் தோவா அக்கா கேட்டாள்: "மணி அடிச்சா குனியறோம், மணி அடிச்சா நிமிர்றோம். சோறு எங்கிருந்துடி வரும்?"

7 பிப்ரவரி
செய்துவிட்டேன். எங்கள் அணியின் வயலை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்துவிட்டேன். பண்ணைக்கு உரியதை அளந்துவிட வேண்டும், மிச்சம் அவரவருக்கு. எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. ஹனோய் பக்கம் எங்கோ இதற்காக ஒருவரைச் சிறையில் போட்டார்களாம்.

ஹோவானிடம் சொல்லவில்லை. கணவர்தான். ஆனால் ஊர்க் கட்சிக் கிளையின் செயலாளரும் அவர்தானே. சொன்னால் அவரும் உடந்தை. சொல்லாவிட்டால்?

19 பிப்ரவரி
சந்திரப் புத்தாண்டு பிறந்து மூன்று நாள்தான், மணிக்கு முன்பே வயல் முழுக்க ஆள்! இப்படியா காட்டிக்கொடுப்பார்கள்? "கொஞ்சம் மெதுவா வாங்களேன் அக்கா," என்று தோவா அக்காவிடம் கெஞ்சினேன். "ஏன், சோம்பேறியா நடிக்கத் தனிக் கூலி தர்றியா?" என்று சிரிக்கிறாள்.

26 மார்ச்
சாப்பிடும்போது ஹோவான், "உன் அணி வயல்ல களையே காணோமே," என்றார்.

"மழை நல்லா பெஞ்சுதில்ல, களையெல்லாம் தண்ணியில அழுகிப்போச்சு."

"மழை உங்க வயல்ல மட்டும் பெஞ்சுதாக்கும்."

அவ்வளவுதான். மேலே கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

9 ஜூன்
அறுவடை. பண்ணைக்கு அளந்தது போக தோவா அக்கா வாசலில் நெல் குவிந்து கிடக்கிறது. மூடி வை என்றால் கேட்டால்தானே!

14 ஜூன்
வந்துவிட்டார்கள். மாவட்ட அதிகாரி எல்லாரையும் களத்தில் கூட்டி, "கூட்டு நிலத்தைத் துண்டு போட்டது யாரு?" என்றார். எழுந்தேன்... எழப்பார்த்தேன். அதற்குள் ஹோவான், "நான்தான் தோழர். என்னைக் கேக்காம இங்க ஒரு நாத்துகூட இடம் மாறாது."

பொய்! இடைமறித்துப் பேச வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து கத்தினேன்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ என்கிட்ட கேட்டியா?"

2 ஜூலை
ஹோவானின் பதவி போயிற்று. கட்சி அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். போர்முனையில், பதுங்குகுழியில் வைத்துக் கொடுத்த அட்டை. வயல் மறுபடி கூட்டு வேலைக்குப் போய்விட்டது. அவர் மீன்வலையைப் பிரித்துப் பிரித்துப் பின்னுகிறார். நாளை மாவட்டத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

3 ஜூலை
"நீ போனா உன் பதவியும் சேர்ந்து போகும். பேசாம இரு," என்கிறார். போகவில்லை.

11 ஆகஸ்ட்
எதிர்வீட்டுக்காரர் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நெல்லை மட்டும் வாங்கிக்கொண்டாரே!

22 பிப்ரவரி 1981
ஹனோயிலிருந்து உத்தரவு. நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமாம்! புதிதாக வந்த இளம் அதிகாரி கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினார். "உங்களுக்கு இது புதுசு. பழக நாளாகும்," என்றார். தோவா அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது.

போன வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குத் தொண்டைவரை வந்தது. "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் அதிகாரி. கடைசி வரிசையில் ஹோவானின் கை உயர்ந்தது. சொல்லிவிடப் போகிறாரா?

"எங்க துண்டு எதுன்னு இன்னிக்கே சொல்லிடுவீங்களா தோழர்? சாயங்காலமே தண்ணி கட்டணும்."