பன்னிரண்டாவது கட்டம்

ஸ்ரீராமஜெயம்

பிரிட்ஜ்வாட்டர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பவளத்துக்கு,

டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். இங்கே பனி விட்டுவிட்டது. இவருக்கு பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை. போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் வேறு ஏதோ பேசி வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் ஜெயபிரகாஷ் இவரிடம் உங்கள் கயலைப் பற்றிச் சொன்னாராம். அவள் பியானோவைத் தொடுவதே இல்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் லேப் பார்ட்னர்கூட வேண்டாம் என்கிறாளாம். "என்கூட யார் சேர்ந்தாலும் நான் ஸ்பாயில் பண்ணிடுவேன்" என்றாளாம்.

அந்தப் பியானோ போட்டிக்கு உன் கயலும் என் விஷாகாவும் எடுத்த உருப்படி உனக்கு மறந்திருக்காது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் பணக்காரர் வீட்டுக் கூடங்களில் விருந்தாளிகளை அசத்துவதற்கென்றே எழுதியது. இரண்டு பியானோ, இரண்டு பேர். ஒருத்தி ஓடி நிறுத்தும் இடத்தில் மற்றவள் பிடித்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓட வேண்டும். "இது பாட்டாக்கா, இல்ல ரெண்டு பேரும் பந்து எறிஞ்சு வெளையாடுதாளுகளா?" என்று நீ கேட்டதற்குப் பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள்.

சர்ச்சில் சும்மா கொடுத்த பழைய பியானோவையும் சேர்த்து என் வீட்டில்தான் இரண்டு இருந்தன. போட்டிக்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. நான் இரண்டுக்கும் பட்டு சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, யாரும் தொடக்கூடாது என்றேன். அந்த வாரம் புதன்கிழமைதான் டீச்சர் அந்த உருப்படியின் வேகத்தைக் கூட்டியிருந்தார். "ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை" என்று கயல் கெஞ்சினாள். "வாசிக்கிறதும் பூஜைதானக்கா" என்று நீயும் சொன்னாய். நான் அசையவில்லை. மறுநாள் காலையில் பட்டை எடுத்து, பத்து நிமிஷம் வாசித்ததும் கிளம்பிவிட்டோம்.

மேடையில் விஷாகாவுக்கு நோட்டுப் புத்தகத்தின் பக்கம் புரட்ட நான் நின்றேன். அதற்காகத்தான் லைப்ரரியிலிருந்து புத்தகம் புத்தகமாக எடுத்து வந்து அவர்கள் இசையை எழுதும் நொட்டேஷனைக் கற்றுக்கொண்டேன். கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு கட்டத்தையும் ஜபம் எண்ணுவது போல விரல் கணுவில் எண்ணுவேன். நடுவில் ஓரிடத்தில் கயல் மட்டும் பன்னிரண்டு கட்டம் வாசிப்பாள். பதின்மூன்றில் விஷாகா சேர வேண்டும்.

விஷாகா பன்னிரண்டிலேயே சேர்ந்துவிட்டாள்.

பவளம், தவறு என் பெண்ணுடையது. தான்தான் பின்தங்கிவிட்டோம் என்று கயல் பதறி, ஒரு கட்டம் தாவிப் பிடிக்கப் பார்த்தாள். விரல் தடுமாறியது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். விஷாகா மட்டும் கடைசி வரை வாசித்தாள். சபையில் எல்லோரும் கயலைத்தான் பார்த்தார்கள்.

பார்க்கிங் லாட்டில் நீ என்னைக் கேட்டாய்: "நீங்க எண்ணிட்டேதானக்கா இருப்பீங்க, எங்க தப்பாச்சு?" கயல் பக்கத்தில் கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் நின்றாள். "கயல்தான் ஒண்ணு விட்டுட்டா. இன்னும் கொஞ்சம் ப்ராக்டீஸ் பண்ணியிருக்கலாம்" என்றேன். முந்தின நாள் முழுக்கப் பியானோவை மூடி வைத்தவள் சொன்ன பேச்சு இது. விஷாகாவின் தப்பு என்று ஒப்புக்கொண்டால், அதற்குக் காரணம் என் பிடிவாதம் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பூஜை செய்து கெடுத்தவள் என்று பெயர் வருமே என்று பயந்தேன். கயல் குழந்தை என்பது அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை. ஜனவரியில் நீங்கள் டெக்சாஸுக்குக் கிளம்பியபோது வாசல் வரை வந்து கையாட்டினேன். அப்போதும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விஷாகா அந்தப் போட்டியின் ரெக்கார்டிங்கைக் கேட்டிருக்கிறாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வந்து நின்று, "அம்மா, இட் வாஸ் மீ. நீ எண்ணிட்டுதானே இருந்த? உனக்கு அப்பவே தெரியும்" என்றாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அப்பாவிடம் மட்டும், "கயல்கிட்ட நான் சொல்லணும், ஆனா அம்மா ஃபர்ஸ்ட் சொல்லணும்" என்றாளாம். அவள் சொல்வது நியாயம்.

இதைக் கயலை உட்காரவைத்துப் படித்துக் காட்டு. தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். எனக்காக ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொல்லாதே. என் மேல் உனக்கு வருகிற கோபம் முழுவதும் வரட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். அவள் மறுபடி வாசிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அவள் எதையும் கெடுக்கவில்லை என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடு.

அடுத்த ஞாயிறு உங்கள் நேரத்துக்கு நாலு மணிக்கு விஷாகா கூப்பிடுவாள். நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். கயல் போனை எடுத்தால் போதும்.

அவள் தீர்க்காயுசாக, தைரியமாக இருக்க என் ஆசீர்வாதம். இதை அவள் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் நான் தினமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஜலஜா