நான் தேர்ந்தெடுத்த ஹப்

அண்ணா,

நேற்று மத்தியானம் அண்ணி உன் பந்தய வண்டியின் பின்சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாளாம். இதை மட்டும், "உங்க அண்ணன் ஞாபகமா நீயே வெச்சுக்கோ" என்று சொல்லச் சொன்னாளாம். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சாக்கைப் பிரித்து, அச்சின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். ரிம் துருப்பிடித்திருந்தது, பாதிக் கம்பிகள் தளர்ந்திருந்தன. கம்பிகள் வந்து சேரும் நடு உருளையான ஹப் மட்டும் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நிற்கட்டும் என்று பார்த்தேன். கை வலித்ததால் கீழே வைத்துவிட்டேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. ஊர் அழுதது. நான் அழவில்லை.

அப்பா போனபிறகு நம் வீட்டில் தறியில் உட்கார்ந்தவர்கள் அம்மாவும் நானும்தான். நீ உட்காரவில்லை. விடியும் முன்னே வண்டியை எடுத்துக்கொண்டு செய்யார் சாலையில் போய்விடுவாய். மைதானத்தில் ஓட்டும் சுற்றுப் பந்தயத்துக்கென்று நீ கட்டிய வண்டி அது. ஃப்ரீவீல் கிடையாது, பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள முடியாது. அதைப் பற்றித் தெருவில் யார் கேட்டாலும் நின்று விளக்குவாய். வீட்டில் அரிசி இல்லை என்று அம்மா சொன்னால் மட்டும் உனக்குக் காது கேட்காது.

வேலூர்ப் போட்டி வந்த அந்த வருஷம் முழுக்க உன் வாயில் ஹப்தான். "ரிம் எவன் வேணா வாங்கலாம், கம்பி எவன் வேணா கட்டலாம். ஹப்புதான் உசுரு" என்பாய். உள்ளூர்ச் சரக்கு வேண்டாம் என்று சொல்லி, மதராசில் கப்பலில் வரும் வெளிநாட்டுச் சாமான் விற்கிற ஒருவரிடம் சொல்லிவைத்தாய். அவர் ஒருநாள் இரண்டு ஜோடியோடு பஸ்ஸேறி வந்தார். ஒன்று இங்கிலாந்துச் சாமான், முகம் பார்க்கிற மாதிரிப் பளபளப்பு. மற்றது இத்தாலியிலிருந்து வந்தது, மங்கலாக, பெட்டிகூட இல்லாமல். சாயங்கால பஸ்ஸுக்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரவேண்டும். அவர் ஓட்டலில் காத்திருந்தார். நீ கூடத்தில் பேப்பரை விரித்து, இரண்டையும் வைத்து, அச்சைத் திருகித் திருகிப் பார்த்தாய். ஹேண்டில்பாரைப் பிடித்துக் காய்த்துப் போன உன் விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏய், இங்க வா. இழையில சின்ன முடிச்சு இருந்தாலும் உன் வெரலுக்குத் தெரியுமே. கண்ண மூடிக்கினு சுத்திப் பாரு."

தறியில் நெய்து தீர்ந்த பழைய பாவின் இழைகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கிற வேலையை அப்போது தெருவில் பாதி வீட்டுக்கு நான்தான் செய்துகொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பளபளப்பானதைச் சுற்றினேன். ஒரே ஒரு இடத்தில், மணல் மாதிரி ஏதோ நெருடியது. மங்கலானதைச் சுற்றினேன். தண்ணீரில் விரலை விட்ட மாதிரி இருந்தது.

"இதுண்ணா."

"நெஜமாவா?"

"அதுல ஒரு எடத்துல ஒறுத்துது. இதுல ஒண்ணுமே இல்ல."

நீ சிரித்தாய். என்னைப் பார்த்து நீ அப்படிச் சிரித்தது அன்று ஒருநாள்தான். அதற்காகவே அந்த வாரம் முழுக்க உனக்கு எடுபிடி வேலை செய்தேன். கம்பிகளைத் துடைத்துக் கொடுத்தேன், நீ ரிம்மின் கோட்டம் எடுக்கும்போது விளக்குப் பிடித்தேன்.

வண்டியைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டிப் பார்த்த அன்று, "சங்கிலியில எண்ண வழியுது. துணிய புடி, நான் சுத்தறேன்" என்றாய். நான் துணியைச் சங்கிலியில் வைத்தேன். நீ பெடலைப் பிடித்து வேகமாகச் சுற்றினாய். பிறகு, எவ்வளவு நேரம் ஓடுகிறது பார்க்கலாம் என்று கையை எடுத்துவிட்டாய். மற்ற வண்டியாக இருந்தால் அதோடு சங்கிலி நின்றிருக்கும். இது நிற்கவில்லை. துணி பல்சக்கரத்துக்குள் போனது, துணியோடு என் வலதுகை ஆள்காட்டி விரலும் போனது.

அலறியது நானா அம்மாவா என்று தெரியவில்லை. நீ சக்கரத்தின் மேல் குனிந்தாய். உன் முதல் பேச்சு எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது.

"கோணிக்கிச்சா பாரு."

அம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டி, ரிக்‌ஷாவில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நீ வரவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியபோது வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. சங்கிலியைக் கழுவித் துடைத்து மாட்டியிருந்தாய். "நாயித்துக்கெழம போட்டி. யார்கிட்டயும் சொல்லிகினு திரியாத, அபசகுனம்பானுங்க" என்றாய். அம்மா உன்னை அடிக்கக் கையை ஓங்கினாள். நீ அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, சாப்பாடு போடச் சொன்னாய். அவளும் போட்டாள்.

வேலூரில் நீ ஜெயித்தாய். கோப்பையோடு தெருவுக்குள் நுழைந்தபோது மாலை போட்டார்கள். இத்தனை நல்ல ஹப்பை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாரோ கேட்டதற்கு, "கைய வெச்சா எனக்குத் தெரிஞ்சிரும்" என்று சொன்னாய். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த வந்தவாசிக்காரர்கள் விஷயம் தெரிந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தறிக்கு ஆவும்னுதானே கேட்டோம்" என்றாள். நீ பரிந்து பேசுவாய் என்று நினைத்தேன். "இவளுக்கு எப்பவும் கவனம் பத்தாதுங்க" என்றாய். அவர்கள் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். அதன்பிறகு யாரும் கேட்டு வரவில்லை. பிணைக்கிற வேலைக்கும் கூப்பிடவில்லை. நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றிக் கொடுத்துத்தான் இத்தனை வருஷமும் சாப்பிடுகிறேன்.

கடைசியில் உன் சிறுநீரகம் கெட்டு, கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடந்தாய். அண்ணி தனியாகப் பார்க்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். வந்தேன். உனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. வேலூர்ப் பந்தயத்தைச் சுற்றுச் சுற்றாகச் சொன்னாய். எந்த வளைவில் யாரை முந்தினாய், ஹப்பில் என்ன எண்ணெய் விட்டாய், எல்லாம் சொன்னாய். நான் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டி பிடித்திருந்த என் கையைப் பார்த்தாய்.

"இன்னாடி இது, வெரலு எங்க?"

நான் உன் முகத்தையே பார்த்தேன். அதில் கேலி இல்லை, பயமும் இல்லை. நிஜமாகவே கேட்டாய்.

"தறியிலயா மாட்டிக்கிச்சு?"

"ஆமாண்ணா."

"பாத்து செய்யக் கூடாதா?" என்றுவிட்டு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாய்.

நீ என்றைக்காவது மன்னிப்புக் கேட்பாய், அன்றைக்கு உன்னை மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம் என்று இத்தனை வருஷம் இரண்டு பதிலையும் தயாராக வைத்திருந்தேன். இரண்டும் இப்போதும் என்னிடம்தான் இருக்கின்றன. கொடுக்க ஆள் இல்லை.

உன் தங்கச்சி