அவள் என்னைக் கடந்து உன்னிடம் வந்த நாள்

இன்று காலை, வாசலில் தொங்கும் உன் பச்சை மழை ஜாக்கெட்டை மகள் எடுத்துப் போட்டுக்கொண்டாள். பத்து வயதாகிறது, ஜாக்கெட் முழங்காலைத் தொட்டது. கழுத்துப்பட்டியில் மூக்கை வைத்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஒரு மணமும் இல்லை” என்று டேனிஷில் சொன்னாள். உண்மைதான். நீ போய் ஐந்து வருடமாகிவிட்டது. ஆனால் அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதைப் பற்றித்தான் உனக்கு எழுதுகிறேன். செத்துப்போனவன்மேல் பொறாமைப்படுகிறவனை நீ எங்காவது கண்டிருக்கிறாயா?

ஒரு பிள்ளையைத் தத்தெடுப்போம் என்று முதலில் கேட்டவன் நான். ஆணும் ஆணுமாக நாங்கள் கல்யாணம் முடித்ததற்காக, உன் வீட்டார் உன்னைத் தாங்கள் இருந்த கிரின்ஸ்டெட் பக்கமே வரவிடாத காலம் அது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, பிள்ளை வளர்ப்புப் புத்தகங்களைக் கோடு போட்டுப் படிப்பேன். நீ ஒன்றையும் முடிக்கவில்லை. “பிள்ளை வரட்டும். அதைப் பாத்தே படிப்பம்” என்பாய். வீட்டைப் பார்க்க வந்த பெண் அதிகாரியின் கேள்விகளுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். நீ தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாய். போகும்போது அந்தப் பெண் உன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

யார் அப்பா, யார் ஐயா என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி. அப்பா என்ற சொல் இருவருக்குமே வேண்டியிருந்தது. “ஆரிட்டை முதல் வருகுதோ, அவர் அப்பா” என்றாய். சரி என்றேன். தோற்பேன் என்று நினைக்கவேயில்லை.

அதுவரை அவளைப் பார்த்துக்கொண்ட குடும்பம் ஓல்போர்க்கில் இருந்தது. அவளுக்கு ஒன்றே கால் வயது. நடக்கத் தொடங்கிச் சில வாரங்கள்தான். நான் தரையில் முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். நீ யன்னலோரம் குனிந்து, இறுகிப்போன சப்பாத்து நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். அவள் என் கையை உரசிக்கொண்டு நேரே போய் உன் முழங்காலைப் பிடித்தாள். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். “எடேய், நான் ஒண்டும் செய்யேல்லை” என்றாய். அதுதான் எனக்குச் சுட்டது. நீ ஒன்றுமே செய்யவில்லை.

சில்க்போர்க்கில் எங்கள் வீடு வரை நான் கார் ஓட்டினேன். பின் சீட்டில் நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் உன் தகப்பனாருக்குச் சுகமில்லை, உன்னை வரச் சொல்கிறார் என்று மூன்று நாள் போனாய் அல்லவா? அந்த மூன்று நாளும் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி, என்னை அப்பா என்று கூப்பிட அவளைப் பழக்கினேன். நீ திரும்பி வந்து வாசலில் நின்றபோது அவள் என்னைச் சுட்டி “அப்பா” என்றாள். நீ குனிந்து சப்பாத்தைக் கழற்றினாய்.

“கேட்டிருந்தால் தந்திருப்பனே” என்றாய்.

சத்தம் போட்டிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். இரண்டே நாளில் அவள் பிஸ்கட்டை மறந்துவிட்டாள். நீ மறுபடியும் அப்பா, நான் மறுபடியும் ஐயா.

பிறகு உன் வருத்தம், ஆஸ்பத்திரி. ஒரே குளிர்காலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை அடக்கம் செய்த அன்று அவள் என் கையை விடவேயில்லை. அழுதுகொண்டிருந்த எனக்குள்ளேயே ஒருவன், இனி இவள் எனக்கு மட்டும்தான் என்று நினைத்தான். அவனை நான் துரத்தவில்லை. அவளுக்குக் கவலை வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, உன் கதையை வீட்டில் எடுப்பதையே நிறுத்தினேன். அவளும் வருடத்துக்கு வருடம் குறைவாகவே கேட்டாள். நீ அவளிடமிருந்து அழிந்துகொண்டிருந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஜாக்கெட்டைக் கழற்றாமலே மேசையில் வந்து இருந்தாள்.

“ஐயா, அப்பாவுக்கு என்னிலை விருப்பமா? இல்லாட்டி நீங்கள் கேட்டதுக்காகத்தான் என்னை எடுத்தவரா?”

என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். ஒரு வார்த்தையும் சொல்லாமல் நான் எழுந்து போயிருக்கலாம். உன்னை முழுதாக வென்றிருப்பேன். ஆனால் அவளுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஓல்போர்க்கில் நடந்ததைச் சொன்னேன். என் நீட்டிய கைகளையும், அவள் அவற்றைக் கடந்து போனதையும் மறைக்கவில்லை. பிஸ்கட்டையும் சொன்னேன்.

“நீங்கள் கவலைப்பட்டீங்களா?”

“கவலை இல்லையம்மா. பொறாமை.”

“இப்பவுமா?”

“ஓம். இப்பவும்தான்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு என் பக்கத்துக் கதிரைக்கு மாறி, “இன்னும் சொல்லுங்கோ” என்றாள். பள்ளிக்குப் பிந்திப் போனோம்.

சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளுக்குச் சோறு தீத்தும்போது உன் வாயும் சேர்ந்து திறப்பது, காய்ச்சல் வந்தால் உள்ளங்கையை விட்டுவிட்டுக் கன்னத்தால் தொட்டுப் பார்ப்பது, அவளைத் தூக்கும்போது அவளுடைய காலை முதலில் உன் இடுப்பில் சரிப்படுத்துவது. ஒன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. அந்த நாட்களில் வயிறெரிந்து எரிந்து உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேறு யாரும் உன்னை அப்படிப் பார்க்கவில்லை. இனி அவளுக்கு உன்னைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. சொல்லுவேன். எரிச்சலோடுதான் சொல்லுவேன்.